எப்சிலான் தாலாட்டும் மதுரை வண்டியும்

கணக்குப் படிப்பதும் கைக்குழந்தை வளர்ப்பதும் தனித்தனியே பார்த்தால் கௌரவமான தொழில்கள்தான். இரண்டையும் ஒரே இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கும்போதுதான் நமக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே தெரியவரும்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் என் இனம் என்று நம்புகிறேன். ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பக்கம் புரட்டியவர்கள், பாடப் புத்தகத்துக்குள் அடையாளத்துக்குக் குழந்தையின் காலுறையைச் செருகி வைத்தவர்கள், ‘இந்தப் பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு உனக்கு எதுக்கு இந்தப் பாடு?’ என்று கேட்ட சொந்தக்காரருக்குச் சிரித்த முகத்தோடு காபி கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்ப் பல்லைக் கடித்தவர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம், காசு கிடையாது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் மாரிச்செல்வி. பிறந்தது ஆய்க்குடி, வாக்கப்பட்டது தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை. பி.எஸ்சி. முடித்த கையோடு கல்யாணம். சில வருஷம் சும்மா இருந்து பார்த்தேன், சரிப்படவில்லை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். வகுப்பில் எல்லோரும் என்னை ‘அக்கா’ என்றார்கள். முதல் வருஷம் தொடங்கியதுமே வயிற்றில் ஆதிரை வந்துவிட்டாள்.

எங்கள் படிப்பில் ரியல் அனாலிசிஸ் என்று ஒரு பாடம் உண்டு. பள்ளிக்கூடத்தில் நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய கணக்கையெல்லாம் நிறுத்தி வைத்து, ‘ஏன், எதனால், யார் சொன்னது?’ என்று குறுக்கு விசாரணை செய்கிற பாடம் அது. நான் அதைப் படித்தேன் என்று சொல்லமாட்டேன். மனப்பாடம் செய்தேன்.

டாக்டர் சொன்ன தேதி

ரியல் அனாலிசிஸ் பரீட்சை ஏப்ரலில் வந்தது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் கிடந்தது. ஆனால் டாக்டர் சொன்னது ஆதிரைக்குத் தெரியாது. நான் ஒரு பெரிய தேற்றத்தின் நடுவில் இருந்தபோது வலி பிடித்தது. முதலில் பாடத்தின் மேல்தான் பழியைப் போட்டேன், ஏனென்றால் ரியல் அனாலிசிஸ் எழுதும்போது வயிறு வலிப்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அடுத்த வலியில் பேனாவே கையைவிட்டுப் போனது. தேற்றத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

தென்காசி ஆஸ்பத்திரியில் வயதான நர்ஸம்மா ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வலி எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று கேட்டார். என் தலைக்குள் இன்னும் பரீட்சை ஓடிக்கொண்டிருந்தது. “இடைவெளி குறைஞ்சுகிட்டே வருது சிஸ்டர். ஆனா ஒரே சீரா குறையல. பூஜ்யத்தை நோக்கிப் போகுது, பூஜ்யம் ஆகாது” என்றேன். நர்ஸம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எம்மா, நீ பிள்ள பெற வந்தியா, பாடம் எடுக்க வந்தியா? வாய மூடிக்கிட்டு மூச்ச இழுத்து விடு.”

ரெட்டை விசில்

பாதித் தேற்றத்துக்குப் பாதி மார்க்கூட வரவில்லை. அரியர் விழுந்தது. அது மட்டுமென்றால் பரவாயில்லை. வருகிற வருஷத்திலிருந்து பாடத்திட்டமே மாறுகிறது, பழைய தாளுக்கு நவம்பர்தான் கடைசி வாய்ப்பு என்று கல்லூரியிலிருந்து சேதி வந்தது. நவம்பரில் விட்டால் மற்ற எல்லாத் தாளும் தேறியிருந்தாலும் பட்டம் கிடையாது. மூன்று மாதப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இந்தச் சேதியைக் கேட்டேன்.

வீட்டில் கூட்டம் கூடியது. ஆய்க்குடியிலிருந்து வந்த என் அம்மா, “ஒரு வருசம் நின்னு போகட்டும், படிப்பு எங்கன ஓடிரப் போகுது?” என்றாள். நின்றால் ஓடிப்போகும் என்பதுதான் பிரச்சினையே. அத்தை, அதாவது என் மாமியார், என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாள். அவளும் என் வீட்டுக்காரரும் குற்றாலம் பஜாரில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை நடத்துகிறார்கள். சீசன் நேரத்தில் இரண்டு பேருக்கும் மூக்கைச் சொறியக்கூட நேரம் இருக்காது, பிள்ளையை யார் பார்ப்பது? என் வீட்டுக்காரர் பொதுவாக வாழைக்காயிடம் மட்டும்தான் மனம்விட்டுப் பேசுவார். அவர் தரையைப் பார்த்தார்.

மூலையில் மாமா உட்கார்ந்திருந்தார். மாமனார், ரிட்டையரான பஸ் கண்டக்டர். தென்காசி-மதுரை வண்டியில் காலம் தள்ளியவர். வேலை போனாலும் விசில் மட்டும் இன்னும் சட்டைப் பையில் இருக்கும். எல்லோரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார். ஆதிரை திடுக்கிட்டு அழுதாள். அத்தை, கூட்டத்தில் என்ன விளையாட்டு என்று சத்தம் போட்டாள். மாமா பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஒத்த விசில்னா வண்டி நிக்கணும், ரெட்ட விசில்னா போகணும். பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். நீ போ தாயி, ரைட்!”

வாசுதேவநல்லூர் வரைக்கும்

அன்றிலிருந்து எங்கள் வீடே காலையில் குற்றாலத்துக்குக் கிளம்பும். கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் சின்ன அறை. அதன் உத்திரத்தில் என் பழைய சேலையில் தொட்டில். மாமாவும் ஆதிரையும் அங்கே, அத்தை கல்லாவில், வீட்டுக்காரர் எண்ணெய்ச் சட்டி முன்னால், நான் கல்லூரியில் இரண்டாம் வருஷ வகுப்பில். இடைவேளை மணி அடித்ததும் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவேன்.

மாமாவுக்கு ஒரு தாலாட்டும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைப் பாடினார். “தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம்...” ஊருக்கு ஓர் இழுப்பு, இழுப்புக்கு ஓர் ஆட்டு. ஆதிரை இதற்கு மயங்கினாள். நன்றாகப் பசியாறிய நாளில் புளியங்குடியிலேயே கண் சொக்கிவிடும். கொஞ்சம் சிணுங்கும் நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போகவேண்டியிருக்கும். மதுரைக்கு அவள் ஒரு நாளும் போய்ச் சேர்ந்ததில்லை. நான் ஒரு மத்தியானம் ஓடிவந்து, “மாமா, பிள்ளை உறங்கிட்டாளா?” என்று மூச்சிரைக்கக் கேட்டேன். மாமா உதட்டில் விரலை வைத்தார்.

“ஸ்ஸ்... வாசுதேவநல்லூர்லயே எறங்கிட்டா. பாதி டிக்கெட் காசு வேஸ்ட்டு.”

எப்சிலான் தாலாட்டு

எனக்கும் பாட்டு வராது. என் குரலைக் கேட்டால் பக்கத்துக் கடை நாய் எழுந்து வேறு இடம் பார்க்கும். ஆனாலும் மாமாவிடம் ஒரு ரூட்டு இருக்கும்போது பெற்றவளிடம் ஒன்றும் இல்லையென்றால் மரியாதையா? ஒரு மத்தியானம் பால் கொடுத்துக்கொண்டே, வரப்போகும் பரீட்சையின் பயத்தில், வாய்க்கு வந்ததை ராகமாக இழுத்தேன்.

“எப்சிலான் நீ கேளு, எத்தனை சின்னதா வேணா கேளு,
டெல்டா நான் தாரேன் கண்ணே, தட்டாமத் தாரேன்.
இடத்துக்கு ஒரு டெல்டா எதுக்கு என் ராசாத்தி,
எல்லா இடத்துக்கும் ஒரே டெல்டா ஆராரோ.”

பயப்படாதீர்கள், எப்சிலானும் டெல்டாவும் கிரேக்க எழுத்துகள். மிகச் சின்ன தூரங்களுக்குக் கணக்கர்கள் வைத்த செல்லப் பெயர்கள். நீ எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் அதற்குத் தோதாக ஒன்றை நான் எடுத்துத் தருவேன் என்று வாக்குக் கொடுப்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர். இடத்துக்கு ஒன்று தேவையில்லை, எல்லா இடத்துக்கும் ஒன்றே போதும் என்று நிறுவுவதுதான் நான் ஏப்ரலில் பாதியில் விட்ட தேற்றம். அதுவரை ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்டிருந்தவள், என் பிள்ளையின் முகத்தைப் பார்த்து என் பாஷையில் பாடியபோது சட்டென்று பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன், பிள்ளை பிறந்தபோது வந்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு.

ஒரு நாள் மாமா ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டி வந்தது. ஆதிரையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கே போய்விட்டேன். அரியர்க்காரர்களுக்கென்று புவனா மேடம் தனியாக எடுத்த வகுப்பு. மேடம் செங்கோட்டைக்காரர், குழந்தையைக் ‘கொச்சு’ என்பார். கண்டிப்பில் பெயர் எடுத்தவர். ஆதிரை பென்ச்சைத் தட்டினாள், என் பக்கத்தில் இருந்த கடையநல்லூர் ஷமீமாவின் கம்மலைப் பிடித்து இழுத்தாள். வெளியே அனுப்பப்போகிறார் என்று நான் பையைக் கட்டும் நேரம் மேடம் பலகைப் பக்கம் திரும்பி, “ஃபார் எவ்ரி எப்சிலான்...” என்று ஆரம்பித்தார். ஆதிரை உடனே கொட்டாவி விட்டாள். டெல்டா வந்தபோது கண் மூடியிருந்தது. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“என் கிளாஸ்ல உறங்குதவங்க எனக்குப் புதுசில்ல. ஆனா டெஃபனிஷன் முடியுத வரைக்கும் காத்திருந்து உறங்கின முத ஆளு இந்தக் கொச்சுதான்.”

பசி வாசம்

குற்றாலத்துச் சாரல் ஊர் உலகத்துக்கெல்லாம் ஆனந்தம். துணி துவைக்கிறவளைக் கேட்டுப் பாருங்கள். ஆடி மாதம் முழுக்க வெயில் தலைகாட்டவில்லை. ஆதிரை ஈரமாக்குகிற வேகத்துக்கும் ஈரம் காய்கிற வேகத்துக்கும் எந்தச் சமன்பாடும் ஒத்துவரவில்லை. வீட்டுக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். சிப்ஸ் அடுப்புக்குப் பின்னால், வாங்க வருகிறவர்கள் கண்ணில் படாத பின்னறையில் ஒரு கொடி கட்டிக் கொடுத்தார். அடுப்புச் சூட்டில் துணியெல்லாம் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்தது. கூடவே தேங்காய் எண்ணெயும் நேந்திரங்காயும் நூலுக்கு நூல் ஏறிவிட்டது. பிள்ளைக்குப் பவுடர் வாசம் போய்ப் பண்ட வாசம் வந்தது. எங்களுக்கு மூக்கு பழகிவிட்டதால் தெரியவில்லை. ஷமீமா கடைக்கு வந்து ஆதிரையைத் தூக்கிக் கழுத்தில் முகம் புதைத்தாள். மூச்சை நன்றாக இழுத்தாள்.

“யக்கா, தப்பா நெனைக்காதிய. ஒங்க பிள்ளையக் கொஞ்சினா எனக்குப் பசிக்கி.”

வேன் கண்ணாடி

சாரல் விழுந்துவிட்டால் தென்காசிக்காரர்கள் வாசல் கதவைத் தாழ் போடக்கூடாது என்பது எழுதாத சட்டம். ஊரில் உள்ள அத்தனை சொந்தமும் குளிக்க வரும். முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், வேன்தான் வாசலில் வந்து நின்று சொல்லும். மறுநாள் எனக்கு உள்தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு வந்தே தீரும். வந்தது. அத்தையின் தங்கை குடும்பம், விருதுநகரிலிருந்து. வேனுக்குள்ளிருந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

“நீயும் வாம்மா, மருமவ இல்லாம என்ன குளிப்பு?” என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். புத்தகம் எடுக்கக்கூட விடவில்லை. அருவிக்குப் போகிற ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு ஆள் செல்போன், வாட்ச், நகை, மாற்றுத்துணி எல்லாவற்றுக்கும் காவல் இருக்கவேண்டும். அந்தப் பாவம் யார் என்று பெரிய சண்டை நடக்கும். நான் பாய்ந்து, “நான் இருக்கேன் சித்தி, பிள்ளை இருக்குல்லா” என்றேன். என் தியாகத்தை மெச்சிக்கொண்டே போனார்கள். மெயின் அருவி, அப்புறம் ஐந்தருவி, அப்புறம் எண்ணெய் தேய்த்து மறுபடியும் மெயின் அருவி. வேனுக்குள் நானும் உறங்குகிற ஆதிரையும். அப்படியொரு அமைதி எனக்குப் பிரசவத்துக்கு அப்புறம் கிடைத்ததில்லை. மழையில் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் பனி மூடியிருந்தது. புத்தகம் இல்லாவிட்டால் என்ன? விரலால் கண்ணாடியில் எழுதத் தொடங்கினேன். பக்கத்துக் கண்ணாடி, பின் கண்ணாடி, டிரைவர் பக்கத்துக் கண்ணாடி. தலைகீழான ஆங்கில ஏ, திரும்பி நிற்கிற ஆங்கில ஈ, எப்சிலான், டெல்டா. வேனை முழுசாகச் சுற்றி வந்தபோது தேற்றம் முடிந்திருந்தது.

டிரைவர் அண்ணன் டீ குடித்துவிட்டு வந்து துணியை எடுத்தார். கண்ணாடியைத் துடைக்கப்போனவர் கையை இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்தார். பிறகு உறங்குகிற பிள்ளையையும் என்னையும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நான் அது பாடம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே மெதுவாகச் சொன்னார்.

“நீங்க எழுதினதுல நான் கைய வைக்கல தங்கச்சி. லாரி ஓடுத ரோடு, ஊர் போய்ச் சேருத வரைக்கும் அந்த மந்திரம் அப்படியே இருக்கட்டும்.”

ஆடாமல்

இது சின்னச் சங்கதி. மேடம் என்னைப் பலகையில் ஒரு கணக்குப் போடச் சொன்னார். நான் மும்முரமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் கமுக்கமாகச் சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் வகுப்பு முழுவதும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் தெரிந்தது, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுகிற அதே ஆட்டத்தை, பிள்ளை இல்லாமலேயே நான் ஆடிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பெற்றவள் ஆடியிருப்பாள், நீங்களும் ரேஷன் கடை வரிசையில் ஆடியிருப்பீர்கள், ஒத்துக்கொள்ளுங்கள். மேடம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

“மாரி, போர்டு ஒண்ணும் அழல. ஆட்டாம எழுது.”

கடைசி வாய்ப்பு

நவம்பர் வந்துவிட்டது. பரீட்சையன்று கார்த்திகை பிறந்திருந்தது. சபரிமலைக்குப் போகிற சாமிமார் குளிக்க இறங்குவதால் பஜார் முழுக்கக் கறுப்பு வேட்டி, சரண கோஷம், ஒலிபெருக்கி. கடைக்குப் பின்னால் ஆதிரைக்குக் கண் மூட வழியில்லை. அதனால் மாமா அவளைத் தூக்கிக்கொண்டு என்னோடு கல்லூரிக்கே வந்தார். பரீட்சைக் கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரம். நான் பால் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான்.

மேற்பார்வைக்கு வேறு ஊர் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஷமீமாவின் பேனா மூடியைக்கூடக் கழற்றி உள்ளே பார்த்தவர் என்றால் ஆளைப் புரிந்துகொள்ளுங்கள். கேள்வித்தாளைத் திருப்பினேன். அதே தேற்றம். ஏப்ரலில் நான் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோ ஏறிய அதே தேற்றம், எங்கே போயிருந்தாய் என்று கேட்பதுபோல் நின்றது. என் வாய் தானாக முணுமுணுத்தது, ராகத்தோடு. அடுத்த நொடி நெஞ்சில் பால் சுரந்தது. அந்தப் பாட்டு பாடினால் பிள்ளை மடியில் இருக்கும் என்று பழகிய உடம்பு. இது பரீட்சைக் கூடம் என்று அதற்கு யார் சொல்வது? துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு எழுதினேன். இந்த முறை எந்த வலியும் குறுக்கே வரவில்லை. கடைசி வரியில் புள்ளி வைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

அடுத்த கேள்விக்குப் போகும்போது வெளியே ஆதிரை அழத் தொடங்கினாள். தொடர்ந்து மாமாவின் குரல். டீசல் எஞ்சினோடு போட்டி போட்டு வளர்ந்த குரல், அதற்கு மெல்லப் பேசத் தெரியாது. தென்காசி கிளம்பி, புளியங்குடி, சிவகிரி, ராஜபாளையம் வந்தது, அழுகை நிற்கவில்லை. கல்லுப்பட்டி வந்தது. திருமங்கலம் வந்தது. முதல்முறையாக மதுரையே வந்துவிட்டது, பிள்ளை உறங்கவில்லை. அப்புறம் நான் பயந்தது நடந்தது. கையிருப்பு தீர்ந்துபோன மாமா என் பாட்டை எடுத்தார். “எப்சிலான் நீ கேளேய்... டெல்டா நான் தாரேய்ன்...” கூடத்தில் இருந்த அரியர்க்காரர்கள் அத்தனை பேரும் பேனாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் காதைத் திருப்பினார்கள்.

மேற்பார்வையாளர் துள்ளி எழுந்தார். “யாரது? யாருக்கு வெளிய நின்னு விடை சொல்லுதாரு?” நான் எழுந்து நின்றேன். “சார், அது எங்க மாமனார். எம் பிள்ளை அழுது...” காப்பியடித்தேன் என்று எழுதிவிட்டால் தாள் ரத்து. தாள் ரத்தானால் அத்தனை மாதமும் போச்சு. அவர் என் விடைத்தாளை எடுத்துப் புரட்டினார். தேற்றம் முழுசாக முடிந்து அடுத்த கேள்வியின் பாதியில் நின்றது. வெளியே மாமாவோ இரண்டு ரூட்டையும் கலந்துவிட்டார். “புளியங்குடிக்கு ஒரு டெல்டா எதுக்கு ராசாத்தி, ராஜபாளையத்துக்கும் அதே டெல்டாவேய்...” மேற்பார்வையாளர் தாளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மீசை துடித்தது. கோபமா என்று பார்த்தேன், சிரிப்பு. தாளை என் மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“அண்ணாச்சி, மதுர ரூட்டே நல்லாத்தான் இருந்துச்சு! இந்த ரூட்டுக்கு உள்ள பரீட்ச நடக்கு!”

ஒத்தை விசில்

தை மாதம், மலையிலிருந்து திரும்புகிற கூட்டம் கடையை மொய்த்திருந்தது. நான் அத்தைக்குக் கை உதவியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஷமீமா. “யக்கா, ரிசல்ட் வந்துட்டு! நீங்களும் பாஸு, நானும் பாஸு!” என்று அவள் கடையநல்லூரில் நின்று கத்தியது போன் இல்லாமலே கேட்டிருக்கும். நான் அழுதேன். வெட்கப்படாமல், பொட்டலத்தின் மேலேயே அழுதேன். அத்தை கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வந்து என் தலையைத் தடவினாள். வீட்டுக்காரர் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அன்றைக்கு வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரு கை சிப்ஸ் கூடுதலாக விழுந்தது.

பின்னறைக்கு ஓடினேன். மாமா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். “மாமா, பாஸாயிட்டேன்.” அவர் முகம் கோணியது. கை சட்டைப் பைக்குப் போய் விசிலை எடுத்தது. உறங்குகிற பிள்ளையைப் பார்த்தார். ஊத மனமில்லை, ஊதாமலும் முடியவில்லை. செருப்புக்கூடப் போடாமல் பஜார் ரோட்டுக்கு ஓடி, கன்னம் உப்ப, நீளமாக ஒத்தை விசில் ஊதினார். அந்நேரம் அந்தப் பக்கமாகப் போன நிஜ டவுன் பஸ் ஒன்று கிறீச்சென்று நின்றது. உள்ளே நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். இளவட்டக் கண்டக்டர் படியில் தொங்கியபடி, “யாரு அண்ணாச்சி எறங்கணும்?” என்று கேட்டார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடை வாசலில் நின்ற என்னைக் காட்டினார்.

“எம் மருமவ. அவளுக்கு மதுர வந்துட்டு.”

ரியல் அனாலிசிஸ் தேறியாயிற்று, பட்டமும் சுவரில் தொங்குகிறது, ஆனால் யாராவது வாய் தவறி எப்சிலான் என்று சொல்லிவிட்டால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஆதிரை தொடங்கி மாமா வரை வரிசையாகக் கொட்டாவி விடுகிறோம்.